பழைய எல்பி ரெக்கார்டுகளை வீட்டிலேயே கழுவுவது எப்படி: கருவி, திரவம், செய்முறை

ரெக்கார்டு கழுவுவதில் அழுக்கைக் கரைப்பது பெரிய வேலை இல்லை. சோப்புத் தன்மையுள்ள எந்தத் தண்ணீரும் அதைச் செய்துவிடும். கரைந்த அழுக்கை, ஈரம் காய்வதற்குள் ஊசி ஓடும் பள்ளத்திலிருந்து வெளியே எடுப்பதுதான் கஷ்டம். எடுக்காமல் விட்டால் அழுக்குத் தண்ணீர் அங்கேயே வற்றி, முன்பு மேலாகக் கிடந்த தூசி அடியில் ஒட்டிக்கொள்ளும். கழுவிய பிறகு சத்தம் கூடிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நடந்தது இதுதான். ஆகவே எந்தக் கருவியை வாங்குவதாக இருந்தாலும், ஊற்றிய திரவத்தை அது எப்படி வெளியே எடுக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மற்ற அம்சங்கள் எல்லாம் அப்புறம்.

கையில் இருப்பது வினைலா, அரக்கா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தொடாதீர்கள். வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த எல்பி 1948-ல் அமெரிக்காவில் வந்தது. ஆனால் இந்தியாவில், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகள் 1960களிலும் அச்சாகிக்கொண்டிருந்தன. பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78 தட்டுகளாக வந்திருக்கின்றன. அதனால் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் இரண்டு வகையும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அரக்குத் தட்டு பொதுவாகப் பத்து அங்குலம். கனமாக, தடிப்பாக இருக்கும், கொஞ்சமும் வளையாது. விளிம்பை விரலால் லேசாகத் தட்டினால் ஓடு போல ஒலிக்கும். கீழே விழுந்தால் தூள்தான். ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். மர பாலிஷ் போடுகிறவர்கள் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி. ஆல்கஹால் கலந்த எதையும் 78 தட்டில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது. வெடிப்பு விழுந்த 78 என்றால் தண்ணீரும் குறைவாகத்தான் காட்ட வேண்டும். சில நிறுவனத் தட்டுகளுக்குள் காகித அடுக்கு உண்டு, வெடிப்பு வழியே ஈரம் போனால் அது உப்பிவிடும்.

இனி சொல்லப்போவதில் பெரும்பகுதி வினைலுக்கு. 78-க்கு எங்கே வேறு வழி என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

என்ன அழுக்கு என்று பாருங்கள்

ட்யூப்லைட்டின் கீழே நேராகப் பிடித்துப் பார்த்தால் எல்லா ரெக்கார்டும் சுத்தமாகத்தான் தெரியும். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் தட்டின் விளிம்பில் வைத்து, ஏறக்குறைய படுக்கை வசமாக ஒளியை அடியுங்கள். தூசி தனித்தனிப் புள்ளியாக மின்னும். கைரேகை மங்கலான மேகம் போலப் படர்ந்திருக்கும். பூஞ்சை சாம்பல் கலந்த வெள்ளையில் சின்னச் சின்ன வட்டங்களாகவோ, கிளை பிரிந்த கோடுகளாகவோ தெரியும். கடலோர ஊர்களில் பழைய தட்டுகளின் முதல் எதிரி பூஞ்சைதான். அடுத்தது சாம்பிராணிப் புகையும் சமையல்கட்டு எண்ணெய்ப் புகையும் சேர்ந்து படிந்த மெல்லிய பிசுக்கு.

வெறும் தூசிக்குக் கழுவல் தேவையில்லை, கார்பன் ஃபைபர் பிரஷ் போதும். கைரேகை, பிசுக்கு, பூஞ்சை இருந்தால்தான் ஈரம். பூஞ்சை பிடித்ததைப் படுக்கை அறையில் வைத்துத் துடைக்காதீர்கள். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ நிழலில், மூக்கில் மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பழைய உள்ளுறையை அங்கேயே குப்பையில் போடுங்கள். அதை வைத்துக்கொண்டால் அதே பூஞ்சை திரும்ப வந்துவிடும்.

தண்ணீர்

திரவத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் தண்ணீரைக் கோட்டைவிடுகிறார்கள். நீங்கள் ஊற்றுவதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது காயும்போது கரைந்திருக்கும் உப்பெல்லாம் பள்ளத்திலேயே தங்கும். சென்னையில் போர்வெல் தண்ணீர் காய்ந்த பக்கெட்டைப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

வீட்டு ஆர்ஓ தண்ணீரும் போதாது. ருசிக்காகவே அதில் கொஞ்சம் உப்பை விட்டுவைப்பார்கள். தேவை டிஸ்டில்டு வாட்டர் அல்லது டீமினரலைஸ்டு வாட்டர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் ஐந்து லிட்டர் கேனில் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: அதே கடையில், அதே மாதிரி கேனில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதை வைத்து அளந்தால் நல்ல தண்ணீர் 0 முதல் 5 வரை காட்டும். 20-க்கு மேல் காட்டினால் அந்தக் கேன் பேட்டரிக்கே போகட்டும்.

திரவம்: என்ன கலக்கலாம், எதைக் கலக்கக்கூடாது

வெறும் தண்ணீர் வினைல் மீது முத்து முத்தாக நிற்கும், பள்ளத்துக்குள் இறங்காது. பரப்பு இழுவிசையைக் குறைக்க ஒரு நனைப்பான் வேண்டும். ஒலித்தட்டு ஆவணக் காப்பகங்களில் பெயர் பெற்றது டெர்ஜிடால் வகை. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் தட்டுகளுக்குப் பயன்படுத்துவதும் இந்தக் குடும்பம்தான். இந்தியாவில் சில்லறையாகக் கிடைப்பது சிரமம், ரசாயனக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு அடுத்தபடி, ஃபிலிம் கழுவிய காலத்துச் சரக்கான இல்ஃபோர்டு இல்ஃபோடால், கோடாக் ஃபோட்டோஃப்ளோ. கறுப்பு வெள்ளை ஃபிலிம் இன்னும் விற்கும் புகைப்படக் கடைகளில் கிடைக்கும். இவற்றில் நனைப்பானோடு வேறு பொருட்களும் உண்டு. அதனால் கடைசி அலசல் கட்டாயம்.

அடுத்தது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சுருக்கமாக ஐபிஏ. இதில் இரண்டு கட்சி. எண்ணெய்ப் பிசுக்கைத் தூக்குவதற்கும் சீக்கிரம் காய்வதற்கும் இது வேண்டும் என்கிறது ஒன்று. வினைலில் உள்ள சேர்மானப் பொருளை நாளடைவில் உறிஞ்சிவிடும் என்கிறது இன்னொன்று. என் கணக்கு இது: நீர்த்த ஐபிஏ ஒரு நிமிடம் தட்டில் இருப்பதால் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை, ஆனால் எல்லாத் தட்டுக்கும் அது தேவைப்படுவதும் இல்லை. கைரேகையும் புகைப் பிசுக்கும் உள்ளவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வினைலுக்கு அரை லிட்டர் கலவை: டிஸ்டில்டு வாட்டர் 400 மில்லி, 99 சதவீத ஐபிஏ 100 மில்லி, இல்ஃபோடால் அல்லது ஃபோட்டோஃப்ளோ 1 மில்லி. டெர்ஜிடால் கிடைத்தால் கால் மில்லியே போதும். அளக்க மருந்துக்கடையில் 1 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள், ஊசி வேண்டாம். ஆல்கஹால் வேண்டாம் என்றாலும், 78 தட்டு என்றாலும், அரை லிட்டர் தண்ணீரில் அதே அளவு நனைப்பான் மட்டும். நுரை தங்குகிறது என்றால் நனைப்பான் அதிகம் என்று அர்த்தம். கூட்டிப் போட்டால் கூடச் சுத்தமாகும் என்ற சமையல்கட்டுக் கணக்கு இங்கே செல்லாது, மிச்சம்தான் தங்கும். ஐபிஏ சட்டென்று தீப்பற்றும். விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு பக்கத்தில் வைத்துக் கலக்காதீர்கள்.

வேண்டாதவற்றின் பட்டியல் நீளம். ஹேண்ட் சானிடைசரில் கிளிசரின் இருக்கும், பள்ளத்தில் பிசுபிசுக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. பாத்திரம் தேய்க்கும் லிக்விடில் மணமும் நிறமும் கை மிருதுவாக இருக்கப் போடும் பொருளும் சேர்ந்திருக்கும். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே, டெட்டால், மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் ஆகாது. கடைசியாகச் சொன்னதில் உள்ள அசிட்டோன் வினைலையே இளக்கிவிடும். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளவென்று விற்கும் பழைய கடைகள் உண்டு. அப்படி மின்னும் தட்டைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள். அதற்கு இரண்டு முறை கழுவல் வேண்டியிருக்கும்.

கடையில் விற்கும் ஆயத்த திரவங்கள்? நல்லவைதான். ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மேலே சொன்னதே. ஐம்பது தட்டுக்குக் குறைவாக வைத்திருப்பவர் கலக்கி அளந்து சிரமப்பட வேண்டாம், ஒரு பாட்டில் வாங்கிவிடலாம்.

பிரஷ்

எல்பியின் பள்ளம் மேற்பகுதியில் சுமார் 50 மைக்ரான் அகலம், தலைமுடியின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரணப் பல்துலக்கும் பிரஷ்ஷின் ஒரு இழை 150 முதல் 200 மைக்ரான். அது பள்ளத்துக்குள் நுழையாது, மேலே உராய்ந்துகொண்டு போகும், அவ்வளவுதான். உலர்ந்த தூசிக்குக் கார்பன் ஃபைபர் பிரஷ் ஏன் என்றால் அதன் இழை 7 மைக்ரான் அளவுதான், மின்சாரத்தையும் கடத்தும். பிடியின் உலோகப் பகுதியில் விரல் பட்டிருந்தால் நிலைமின்னும் கொஞ்சம் இறங்கும். ஈர வேலைக்கு நுனி கூரான மெல்லிய நைலான் பிரஷ்ஷோ, ஆட்டு முடி பிரஷ்ஷோ வாங்குங்கள். வினைலுக்கும் 78-க்கும் தனித்தனி பிரஷ் வைத்துக்கொள்வது நல்லது. அரக்குத் தட்டிலிருந்து வரும் கரகரப்பான துகள் வினைலுக்கு ஆகாது.

கருவி: எதை வாங்குவது

தொட்டி வகைதான் மலிவு. அமெரிக்காவின் ஸ்பின்-கிளீன், ஜெர்மனியின் க்னோஸ்டி இரண்டும் பிரபலம். ஒரு குறுகிய தொட்டியில் திரவம், இரு பக்கமும் பிரஷ், நடுவில் தட்டைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும். க்னோஸ்டியில் லேபிளை மூடும் மூடியும் உண்டு. குறை என்னவென்றால், பத்தாவது தட்டு முந்தைய ஒன்பது தட்டின் அழுக்கில் குளிக்கிறது. துடைப்பதும் துணியால்தான். இதைச் சரிக்கட்ட ஒரே வழி, இரண்டாவதாக ஒரு தொட்டி வாங்கி அதில் வெறும் டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி அலசுவது. இரண்டு தொட்டி வைத்திருப்பவர், சுமாரான வாக்குவம் மெஷினைக் கவனமில்லாமல் ஓட்டுகிறவரைவிட நன்றாகக் கழுவுவார்.

வாக்குவம் மெஷின் அடுத்த படி. 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் கீத் மாங்க்ஸ் செய்த மெஷினை பிபிசி தன் ஒலிக் களஞ்சியத்துக்கு எடுத்துக்கொண்டது. ஒரு சிறு முனை, அதன் நுனியில் நூல், அது பள்ளம் பள்ளமாக நகர்ந்து திரவத்தை உறிஞ்சும். இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது அதைவிட எளிமையான வகை: தட்டின் ஆரம் முழுக்க நீளும் குழாய், அதில் ஒரு வெட்டு, வெட்டின் இரு உதட்டிலும் வெல்வெட். விபிஐ, ஓக்கி நோக்கி, ப்ரோஜெக்ட் எல்லாம் இந்த வகை. திரவம் அழுக்கோடு சேர்ந்து உள்ளே போய்விடுகிறது, அடுத்த தட்டுக்குப் புதுத் திரவம். நான் முதலில் சொன்ன அளவுகோலில் இதற்குத்தான் முதல் மதிப்பெண். நூறு தட்டுக்கு மேல் இருந்தால், அதுவும் பழைய கடைகளில் வாங்குகிற பழக்கமிருந்தால், பணத்தை இதில் போடுங்கள். இரைச்சல் காது கிழியும், மத்தியானத்தில் யாரும் தூங்காத நேரமாகப் பாருங்கள்.

கையில் வெட்-டிரை வாக்குவம் கிளீனர் இருந்தால், பிவிசி குழாயில் நீளவாக்கில் வெட்டுப் போட்டு, இரு ஓரமும் வெல்வெட் ஒட்டி, ஒரு முனையை அடைத்து, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பலரும் செய்கிறார்கள், வேலையும் செய்கிறது. சாதாரண உலர் வாக்குவம் கிளீனரில் இதை முயலாதீர்கள். தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும்.

காதுக்கு எட்டாத ஒலியதிர்வால் தண்ணீரில் நுண்குமிழிகளை எழுப்பிக் கழுவும் அல்ட்ராசோனிக் கடைசி படி. ரெக்கார்டுக்கென்றே செய்த மெஷின்களில் சிலவற்றின் விலை லட்சங்களில் போகும். எஸ்டோனியாவின் டிகிரிட்டர் 120 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதிர்வெண் கூடக் கூடக் குமிழி சிறிதாகும், மென்மையாகவும் நுணுக்கமாகவும் வேலை செய்யும். நகைக்கடையிலும் பல் மருத்துவமனையிலும் இருக்கும் ஆறு லிட்டர் தொட்டி 40 கிலோஹெர்ட்ஸ். அதன்மேல் மெதுவாகச் சுற்றும் மோட்டார் பொருத்தி ரெக்கார்டு கழுவுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மூன்றைக் கவனியுங்கள். தட்டுகளுக்கு நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி. தண்ணீரின் சூடு 35 டிகிரியைத் தாண்டக்கூடாது, தொட்டி ஓட ஓடத் தானாகவே சூடேறும், கோடையில் சீக்கிரமே ஏறும். ஆல்கஹால் ஊற்றவே கூடாது, சூடேறும் திறந்த தொட்டியில் அதன் ஆவி நெருப்புக்கு அழைப்பு. கைரேகையும் பூஞ்சையும் உள்ள தட்டை முதலில் கையால் கழுவிவிட்டுத்தான் இதில் இறக்க வேண்டும். அல்ட்ராசோனிக்கில் போட்டால் எல்லாம் போய்விடும் என்பது விளம்பரக்காரர்கள் கிளப்பியது.

கழுவும் முறை

பாடுகிற டர்ன்டேபிள் மீது கழுவாதீர்கள். பேரிங்கிலும் ஊசிக் கையிலும் தண்ணீர் படும். மெஷின் இல்லாதவர்கள் ஒரு ரப்பர் பாயை மேஜையில் விரித்து, அதன்மேல் சுத்தமான மைக்ரோஃபைபர் துணி போட்டுத் தட்டை வைக்கலாம்.

1. உலர் பிரஷ்ஷால் தூசியை முதலில் எடுங்கள். இதை விட்டால் தூசி ஈரத்தில் சேறாகிவிடும்.

2. லேபிளைப் பாதுகாக்க ஏற்பாடு செய்யுங்கள். எல்பி லேபிளின் விட்டம் 10 சென்டிமீட்டர். பழைய எச்எம்வி, இன்ரெகோ, எக்கோ லேபிள்கள் ஈரம் பட்டால் சுருங்கும், சிலவற்றில் மை கசியும். அடியில் ரப்பர் வளையம் உள்ள அக்ரிலிக் மூடிகள் விற்கிறார்கள். இல்லாவிட்டால் கையை அடக்கி வேலை செய்ய வேண்டியதுதான்.

3. சிரிஞ்ச்சாலோ மூக்குப் பாட்டிலாலோ, லேபிளிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஆரம்பித்து விளிம்பு வரை திரவத்தை ஒரு கோடாக விடுங்கள். 5 மில்லி போதும். ஸ்ப்ரே அடித்தால் லேபிளிலும் விழும்.

4. பிரஷ்ஷைப் பள்ளத்தின் போக்கிலேயே, வட்டமாக நகர்த்துங்கள். குறுக்கே தேய்க்கக்கூடாது. அழுத்தமும் வேண்டாம், பிரஷ்ஷின் எடையே போதும். திரவம் முத்தாக நிற்காமல் முழுப் பரப்பிலும் கண்ணாடிப் படலம் போலப் படிந்திருக்க வேண்டும். ஒரு முழுப் பக்கத்துக்கு ஒரு நிமிடம், திசை மாற்றி இன்னொரு நிமிடம். பூஞ்சை என்றால் மூன்று நான்கு நிமிடம் ஊறவிடலாம், ஆனால் காய விடக்கூடாது. அரக்குத் தட்டை ஊறவே விடாதீர்கள்.

5. அழுக்குத் திரவத்தை எடுங்கள். வாக்குவம் என்றால் இரண்டு சுற்று, மிஞ்சினால் மூன்று. காய்ந்த பிறகும் உறிஞ்சிக்கொண்டிருந்தால் வெல்வெட் உரசி நிலைமின் ஏறும், தட்டைத் தூக்கும்போது சடசடவென்று கேட்கும். மெஷின் இல்லையென்றால் ஒரு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

6. அலசல். இதைத்தான் பலர் விடுகிறார்கள். வெறும் டிஸ்டில்டு வாட்டரை அதே மாதிரி ஊற்றி, வேறொரு பிரஷ்ஷால் அரை நிமிடம் சுற்றி, மறுபடி உறிஞ்சுங்கள் அல்லது புதுத் துணியால் ஒற்றுங்கள். தேங்காய் எண்ணெய்த் தட்டுக்கும் பூஞ்சைத் தட்டுக்கும் இரண்டு அலசல்.

7. நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். பாத்திரக் கூடையின் தட்டு ஸ்டாண்டு போன்ற பிளாஸ்டிக் ரேக் போதும், விளிம்பு மட்டும் படட்டும். ஃபேன் போடாதீர்கள், தூசியை வீசி அடிக்கும். வெயில் கூடவே கூடாது, தட்டு வளைந்துவிடும். மழைக்காலத்தில் ஏசி அறையில் வைத்தால் சீக்கிரம் காயும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

துணிகளைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரியான சாஃப்ட்னர் போடக்கூடாது. அதன் மெழுகுத் தன்மை துணியில் ஒட்டி, துணியிலிருந்து தட்டுக்கு வரும். வாக்குவம் குழாயின் வெல்வெட்டை நாலைந்து தட்டுக்கு ஒருமுறை பழைய பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். அதில் சிக்கிய ஒரு மணல் துகள் அடுத்த தட்டில் வட்டமாகக் கோடு போட்டுவிடும்.

கழுவிய பிறகு

புது உள்ளுறை வாங்குங்கள். நிலைமின் பிடிக்காத மெல்லிய பாலித்தீன் உள்ளுறைகள் நூறு நூறாகக் கிடைக்கும். பழைய காகித உறையின் தூசியும், அதற்குள் குடியிருக்கும் இராமபாணப் பூச்சியும் மறுபடி தட்டுக்கு வேண்டாம். பாட்டு வரிகள் அச்சான உறை என்றால் அதைத் தூக்கிப்போடாமல் அட்டைக்குள் தனியாகச் செருகிவையுங்கள். வெளியுறைக்குத் தடித்த பிவிசி வேண்டாம், வெக்கையில் அது தட்டின் மேல் மங்கல் படியவைக்கும். தட்டுகளைப் புத்தகம் மாதிரி நேராக நிறுத்துங்கள். ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

கழுவியதும் முதல் முறை பாடவிடும்போது ஊசி நுனியில் ஒரு சாம்பல் உருண்டை சேரலாம். உள்ளே இளகி நின்ற மிச்சம் அது. பின்னாலிருந்து முன்னால், அதாவது தட்டு ஓடுகிற திசையில், ஊசி பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுங்கள். இரண்டாவது முறை பாடும்போதும் உருண்டை வந்தால் அலசல் போதவில்லை, ஆறாவது படியை மட்டும் திரும்பச் செய்யுங்கள்.

சத்தம் அப்படியே இருக்கிறதா? எப்படிப்பட்ட சத்தம் என்று கேளுங்கள். நிமிடத்துக்கு 33 சுற்றில் சுமார் 1.8 நொடிக்கு ஒருமுறை அதே இடத்தில் டக்கென்று வந்தால் அது கீறல். குரல் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் கரகரத்தால், முன்பு யாரோ தேய்ந்த ஊசியால் ஓட்டிப் பள்ளத்தைத் தேய்த்திருக்கிறார்கள். பூஞ்சை போன இடத்தில் புஸ்ஸென்ற இரைச்சல் மட்டும் மிஞ்சினால், அது பரப்பையே அரித்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் எந்தத் திரவமும் மருந்தில்லை, திரும்பத் திரும்பக் கழுவ வேண்டாம். எந்த வரிசையும் இல்லாமல் அங்கங்கே பொரிந்துகொண்டிருந்தால்தான் இன்னும் அழுக்கு இருக்கிறது, அதற்கு இன்னொரு கழுவல் போடலாம். ஒருமுறை ஒழுங்காகக் கழுவிப் புது உறையில் போட்ட தட்டுக்கு அதன் பிறகு பாடுவதற்கு முன் கார்பன் பிரஷ் மட்டும் போதும்.